கட்டிப்பால் எப்போது விடுவது? மறதி நோயைக் கணிக்கும் விதம்

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல ஆஸ்பத்திரியில் 51 வயதுப் பெண் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். தட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் இருந்தன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டதற்குக் கீரை என்று பதில் வந்தது. வைத்தியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர்தான் அலோய்ஸ் அல்சைமர். அந்தப் பெண் அகஸ்டே டெட்டர். 1906இல் அகஸ்டே இறந்த பிறகு அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்து அல்சைமர் சொன்ன விஷயம், பின்னாளில் அவர் பெயராலேயே அறியப்படும் நோயாயிற்று.

அந்தக் குறிப்பேட்டில் மூளையைப் பற்றிய பக்கங்களைவிட, கணவர் சொன்ன கதைதான் என் கண்ணில் படுகிறது. முதலில் காரணமே இல்லாமல் கணவர்மேல் சந்தேகம். பிறகு ஞாபகக் குறைவு. அதற்குப் பிறகு சமையலில் பிழை, வீட்டுக் காசில் கவனயீனம், வீட்டுக்குள்ளேயே காரணமில்லாமல் அங்குமிங்கும் நடை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும் முன்பே நோய் குசினிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் கேள்வித்தாள்கள் எல்லாம், குசினி முதலில் கண்டதை மேசையில் வைத்து இரண்டாம் தடவை பார்க்கும் வழிகள்தாம். ஆகவே அவை எப்படி இயங்குகின்றன என்பதைக் குசினியிலிருந்தே பார்க்கலாம்.

கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்பக்கம், கண்டக்குழி. அங்கே ஒரு வீடு, எழுபது தாண்டிய ஓர் உம்மம்மா என்று வைத்துக்கொள்வோம். காலையில் வள்ளம் கரைக்கு வந்து, வீட்டுக்கு இரண்டு பாரை மீன் வந்திருக்கிறது. மீன் ஆணம் காய்ச்ச வேண்டும். ஐம்பது வருடமாக அவர் காய்ச்சிய ஆணம்தான்.

இது வெறும் உவமையல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கரோலின் பௌம், டொரதி எட்வர்ட்ஸ் என்ற இருவர் 1993இல் ‘குசினி வேலைக் கணிப்பு’ என்று ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நோயாளி ஒரு பாக்கெட் மாவை எடுத்து அடுப்பில் புடிங் காய்ச்ச வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ஆறு விஷயங்களைப் பார்ப்பார். தானாகத் தொடங்குகிறாரா, வேண்டியதை எடுத்து ஒழுங்கு செய்கிறாரா, எந்தப் படியும் விடுபடாமல் செய்கிறாரா, வரிசை பிசகாமல் போகிறாரா, ஆபத்து எது என்று தெரிகிறதா, முடித்துவிட்டோம் என்பது புரிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. தானே செய்தால் 0, வாயால் சொல்லிக்கொடுத்தால் 1, கைகொடுத்தால் 2, கைகொடுத்தும் முடியாவிட்டால் 3. மொத்தம் 18. புள்ளி கூடினால் நிலை மோசம்.

புடிங் ருசியாக இருந்ததா என்பதற்குப் புள்ளியே இல்லை. எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதுதான் கணக்கு. இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடித்த இடம் இது. ‘முடியும்’, ‘முடியாது’ என்ற இரண்டுக்கும் நடுவில்தான் இந்த நோயின் பல வருடங்கள் கழிகின்றன.

இனி உம்மம்மாவின் ஆணத்துக்கு வருவோம். மீன் வந்து கிடக்கிறது, அவர் எழும்பவில்லை. வயது போய்விட்டது, அலுப்பு என்று வீட்டார் நினைப்பார்கள். எழும்ப மனமில்லையா, மீன் வந்தால் அடுத்து என்ன செய்வது என்ற எண்ணமே எழவில்லையா? வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டாவது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி சோர்ந்ததால் வரும் ஈடுபாடின்மை. மனச்சோர்வு உள்ளவருக்கு அது வருத்தம் தரும். ஈடுபாடின்மை உள்ளவருக்கு அதைப் பற்றி வருத்தமும் இருக்காது.

எழும்பிவிட்டார், அடுப்பு எரிகிறது. இப்போது அவர் மனதில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விஷயங்கள் நிற்க வேண்டும். சட்டியில் புளித்தண்ணீர் கொதிக்கிறது, உப்புப் போட்டாயிற்று, தேங்காய் இன்னும் பிழியவில்லை, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். வாசலுக்குப் போய்த் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளினிக்கில் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வதும் இந்தத் திறனைப் பார்க்கத்தான். கணக்குப் பாடத்தில் அவர் கெட்டியா என்பது வைத்தியருக்குத் தேவையில்லை. கையிலிருப்பதைக் கீழே போடாமல் இன்னொன்றை எடுக்க முடிகிறதா என்றுதான் அவர் பார்க்கிறார்.

பிறகு வரிசை. முதலில் தண்ணிப்பால், மீன் வெந்ததும் கடைசியில் கட்டிப்பால். கட்டிப்பாலை முதலிலேயே விட்டுக் கொதிக்க வைத்தால் திரிந்துபோகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உம்மம்மாவிடம் கேட்டால் அவரும் சரியாகச் சொல்வார். ஆனால் அடுப்படியில் நிற்கும்போது கட்டிப்பாலைத் தூக்கி முதலில் ஊற்றிவிடுவார். சொல்லத் தெரிந்திருந்தும் செய்யும்போது வரிசை பிடிபடாமல் போவது ஒரு தனிக் குறைபாடு. மேசையில் இதைப் பிடிக்கப் பயன்படுவது கடிகாரம் வரையும் பரிசோதனை. வட்டம் போட்டு, எண்கள் எழுதி, பதினொன்று பத்துக்கு முள் வையுங்கள் என்பார்கள். பன்னிரண்டு எண்ணுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கத் தெரியாதவர் எல்லாவற்றையும் வலப்பக்கமே அடுக்கிவிடுவார். ‘பத்து’ என்ற சொல்லால் இழுபட்டு, முள்ளை 10இல் வைப்பவர்களும் உண்டு.

அகப்பையைக் காட்டி “அந்த... கிண்டுற சாமான்” என்று சொன்னால் பெயர் வரவில்லை என்று பொருள். என்ன செய்வதற்கு என்று தெரிகிறது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழித்தால் விஷயம் வேறு, மூளையில் இடமும் வேறு. மூடி சட்டியில் பொருந்தாமல் தடுமாறுவதும், ஊற்றும் தண்ணீர் கோப்பைக்கு வெளியே போவதும், கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வெண்புரை இல்லை என்று தெரிந்த பிறகும் தொடர்ந்தால், இடமும் உருவமும் அறியும் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொல்வது அதற்குத்தான்.

துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் வேலை மட்டும் கடைசிவரைக்கும் நிற்கும். கை படித்த பாடம் வேறு வழியில் சேமிக்கப்படுவதால் அல்சைமர் அதைத் தொடுவதற்கு நீண்ட காலமாகும். வீட்டாரை ஏமாற்றுவதும் இதுதான். “உம்மம்மா பூப்போலத் துருவுறா, அவவுக்கு ஒண்டுமில்ல” என்பார்கள். துருவிய தேங்காயை என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஞாபகத்துக்கென்றே ஒரு தனிப் பரிசோதனை உண்டு. சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, ஐந்து நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடி கேட்பார்கள். சொல்ல முடியாவிட்டால் அதோடு விடக் கூடாது. “அது ஒரு பழம்” என்று துப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குசினி அலமாரியில் சீரகப் போத்தல் இருக்கிறது, பின்வரிசையில் மறைந்துவிட்டது, இரண்டாம் தட்டு என்று சொன்னதும் கை போய் எடுத்துவிட்டது என்றால், பொருள் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மனச்சோர்விலும், மூளையின் சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டு வரும் நோயிலும் பெரும்பாலும் இப்படி நடக்கும். தட்டைச் சொல்லியும், போத்தலைக் காட்டியும், இதை நான் பார்த்ததே இல்லை என்றால், சாமான் அலமாரிக்குள் போகவே இல்லை. அல்சைமர் ஆரம்பத்திலேயே பிடிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதிதான் சாமானை உள்ளே கொண்டுபோய் வைக்கும் கை. அது முடங்கினால் நேற்று வந்த விருந்தாளி மறந்துபோவார். கலியாணத்தன்று வந்த விருந்தாளி எப்போதோ உள்ளே வைக்கப்பட்டவர், அதனால் நிற்பார்.

இனித் தாளில் இருக்கும் பரிசோதனைகள். 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹ்யூவும் வெளியிட்ட ‘மினி மென்டல்’ 30 புள்ளிகளைக் கொண்டது. 2005இல் கனடாவின் ஸியாட் நஸ்ரதீன் வெளியிட்ட ‘மோகா’வும் 30 புள்ளிதான், ஆனால் கடினமானது. 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். பன்னிரண்டு வருடமோ குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கலாம். பென்சிலையே பிடித்திராத கண்டக்குழி உம்மம்மாவுக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? கனசதுரத்தைப் பார்த்து வரை, காண்டாமிருகத்தின் பெயர் சொல் என்றால் அவர் தோற்பார். அந்தத் தோல்விக்கும் மறதிக்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சிக்கலை நேரடியாகக் கையில் எடுத்தவர்கள் நம் அயலிலேயே இருந்தார்கள். தில்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில், பெரும்பாலும் எழுத்தறியாத முதியவர்களுக்காக மேரி கங்குலியும் குழுவினரும் 1990களில் மினி மென்டலைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாகச் சொல்வதற்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியதை வாசித்துச் செய்வதற்குப் பதில், கேட்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். கண்டக்குழியிலும் இதே வழிதான் பொருந்தும். திகதியை இங்கிலீஷ் கலண்டரில் கேட்பதைவிட, நோன்பு முடிந்து எவ்வளவு காலம், கச்சான் காற்று தொடங்கிவிட்டதா, கடலுக்குப் போகிறார்களா என்று கேட்டால் அவருடைய உலகத்தில் அவர் வழி தவறியிருக்கிறாரா என்பது தெரியும்.

2004இல் சிட்னியில் வெளியான ‘ருடாஸ்’ என்ற பரிசோதனை, பல நாட்டுக் குடியேறிகளுக்காகவே செய்யப்பட்டது. அதன் ஞாபகப் பகுதி அப்படியே ஒரு கடைச் சாமான் பட்டியல். தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். கடைக்குப் போகிறோம், இவற்றை வாங்க வேண்டும், நான் மறந்தால் நீங்கள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு கேள்விகளுக்குப் போவார்கள். பிறகு கேட்கும்போது தடுமாறினால் “தேயிலை” என்று ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், அதற்குப் புள்ளி கிடையாது. புதிதாக எந்தப் பரிசோதனையைத் தேர்வதென்றாலும் நம் பக்கத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கேள்வித்தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பாதி விடை வீட்டாரிடம்தான் இருக்கிறது. அங்கேதான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு உண்டு. உலகின் மறதி நோயாளிகளில் 66 வீதத்தினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வுகளில் 10 வீதமும் அங்கே நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் வைத்த பெயர் அது. ஏழு நாடுகளில், இந்தியாவில் சென்னையிலும் வேலூர்க் கிராமப்புறத்திலும், 65 வயது கடந்தவர்களை வீடு வீடாகப் பார்த்து 2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையை வைத்துப் பார்த்தபோது இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 வீதத்தினருக்குத்தான் நோய். கியூபாவில் 6.3 வீதம். குழு தானே உருவாக்கிய முறையில் பார்த்தால் எந்த இடமும் 5.6 வீதத்துக்குக் கீழே இல்லை. நோயாளிகள் எங்கே மறைந்தார்கள்?

அந்த வரையறைப்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். கிராமத்து வீடுகளில் அப்படிச் சொல்ல ஆளில்லை. உம்மம்மா இரண்டு தடவை உப்புப் போட்ட அன்றே மருமகள் அகப்பையை வாங்கிக்கொண்டார். குறை சொல்லவில்லை, அன்போடுதான். அதன் பிறகு உம்மம்மா பாயில் இருந்து வெங்காயம் உரிக்கிறார். வைத்தியர் கேட்கிறார், சமையல் செய்வதில் சிரமம் இருக்கிறதா? இல்லை, அவர் இப்போது சமைப்பதில்லை. உண்மையான பதில்தான், ஆனால் அதில் நோய் ஒளிந்துகொண்டது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், யார் நிறுத்தினார்கள்?

1989இல் ஆஸ்திரேலியாவின் அந்தனி ஜோர்ம் கொண்டுவந்த கேள்வித்தாள் இந்த வழியில் போகிறது. இன்றைக்கு எப்படி என்று அது கேட்பதில்லை, பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிடச் சொல்கிறது. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு மூத்தம்மாவோடு இல்லை. வாழ்நாள் முழுக்கச் சுமாராகச் சமைத்தவர் இன்றும் சுமாராகச் சமைத்தால் அதில் நோயில்லை. பெருநாளைக்கு ஐம்பது பேருக்கு ஆக்கியவர் ஐந்து பேருக்கு அரிசி அளக்கத் தடுமாறினால், மினி மென்டலில் 28 எடுத்தாலும் விடக் கூடாது.

ஆண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 1969இல் லோட்டனும் பிரோடியும் உருவாக்கிய அன்றாடத் திறன் அளவுகோலில் பெண்களுக்கு எட்டு விஷயங்கள், ஆண்களுக்கு ஐந்துதான். சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல் மூன்றையும் அவர்களுக்கு விட்டுவிட்டார்கள். பிளேன்டீயும் ஊற்றாத வாப்பாவிடம் குசினியில் எதையும் காண முடியாது. அவரிடம் வலை பொத்துவதையும், மீன் விற்ற காசில் வள்ளத்துக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதையும் கேட்க வேண்டும்.

கற்பிட்டியிலோ புத்தளத்திலோ ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொரு சிக்கல் வரலாம். வைத்தியர் சிங்களத்தில் கேட்கிறார், பேத்தி தமிழில் சொல்கிறாள். “இன்றைக்கு என்ன கிழமை?” என்பது பேத்தியின் வாயில் “உம்மம்மா, நேத்து ஜும்ஆ போச்சே, இண்டைக்கு என்ன கிழமை?” என்று மாறிவிடும். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஒரு புள்ளி போலியாக ஏறிவிட்டது. கேள்வியை மட்டும் சொல்லுங்கள், துப்புக் கொடுக்காதீர்கள் என்று வைத்தியர் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு மொழி பேசும் பழக்கத்துக்கு ஒரு லாபமும் உண்டு. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லடியின் குழு 648 நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதியதன்படி, இரண்டு மொழி பேசுபவர்களுக்கு மறதி நோய் சராசரியாக நாலரை வருடம் பிந்தி வந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் இந்தக் கரையில் அப்படி ஓர் ஆய்வு செய்தால் சுவையாக இருக்கும்.

இலங்கையில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்ற கணக்கு ஒன்று ராகமையிலிருந்து வந்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வில், 65 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு நோய் இருந்தது.

இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் முன்பே கழிக்க வேண்டியவை சில உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று குழம்பினால், அரைத் தூக்கத்தில் உளறினால், அது மறதி நோயின் நடை இல்லை. சிறுநீர்த் தொற்று, உடம்பில் தண்ணீரோ சோடியமோ குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெல்ல மெல்ல வந்ததென்றாலும் தைரொயிட்டுக்கும் பி12 விற்றமினுக்கும் இரத்தம் பார்ப்பார்கள், காது கேட்கிறதா என்றும் பார்ப்பார்கள். கேள்வியே காதில் விழாதவர் பதில் தெரியாதவராக எழுதப்படுவது அடிக்கடி நடக்கும்.

கடைசியாகக் குணம். வீடுகள் உடைவது மறதியால் அல்ல, இதனால்தான். சீனிப் போத்தலை அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று உம்மம்மா தெரு கேட்கச் சொல்வார். அலமாரியில் பொருள் இல்லை, தான் எடுத்து வைத்த ஞாபகமும் இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். மூளை தன்னிடம் இருக்கும் தகவலை வைத்து ஒரு விளக்கம் கட்டுகிறது. ஐம்பத்தைந்து அறுபது வயதில், மறதி அவ்வளவாக இல்லாமலே, சபையில் கூச்சமில்லாமல் பேசி, வீட்டில் ஒருவர் அழுதாலும் சலனமில்லாமல், சீனிச் சாமானை அள்ளி அள்ளிச் சாப்பிடத் தொடங்கினால் நெற்றிப்பகுதியில் தொடங்கும் வேறு வகையைத் தேட வேண்டும். இவர்களில் சிலர் மினி மென்டலில் நல்ல புள்ளி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுப்படி மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாகத் தெளிவாகச் சொல்லி, ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் மந்தமாகவும் இருந்தால் அது ‘லூயி பொடி’ (Lewy body) என்ற வகை மறதி நோயாக இருக்கலாம். கண்ணில் படுவதற்கெல்லாம் ஜின் என்று ஓதிப் பார்க்கும் முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விவரம் இது. லூயி வகையில் சில மனநோய் மாத்திரைகள் உடம்பை மோசமாக முடக்கிவிடும்.

குணத்தை அளக்க 1994இல் ஜெஃப்ரி கம்மிங்ஸ் ஒரு வழி செய்தார். முதலில் பத்து விஷயங்கள், பிறகு பன்னிரண்டு. சந்தேகம், இல்லாததைக் காண்பது, கோபம், பதற்றம், இரவில் எழும்பி நடப்பது, சாப்பாட்டு மாற்றம் எல்லாம் அதில் வரும். ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்பதற்கு 1 முதல் 4 வரை, எவ்வளவு கடுமை என்பதற்கு 1 முதல் 3 வரை கொடுத்து, இரண்டையும் பெருக்குவார்கள். இந்தக் கேள்விகள் நோயாளியிடம் கேட்கப்படுவதில்லை, பார்த்துக்கொள்பவரிடம்தான். அதனால் கிளினிக்குக்குப் போகும் முன் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போவது நல்லது. ‘கொஞ்சம் கோபம்’ என்று எழுதினால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. ‘கிழமைக்கு மூன்று தடவை, மஃரிபுக்குப் பிறகு, ஒரு தடவை கோப்பையை எறிந்தார்’ என்று எழுதினால் புள்ளி போடலாம். காஸ் அடுப்பை எத்தனை தடவை அணைக்காமல் விட்டார் என்பதும் அந்தக் கொப்பியில் இருக்க வேண்டும். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்தத் தாளில் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு. இது உங்களுக்கு எவ்வளவு மன உளைச்சல் தருகிறது, 0 முதல் 5 வரை. அந்தப் புள்ளி உம்மம்மாவின் கணக்கில் சேராது, மகளின் கணக்கில் தனியாக நிற்கும். உம்மம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் எந்த மகளும் பூச்சியம் என்றுதான் சொல்வாள். விஷயம் தெரிந்த வைத்தியர், உம்மம்மாவை இரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டு அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்பார்.